‘பேட்ச்’ என்றால் என்ன? இட்லிப் பானையிலிருந்து கம்ப்யூட்டர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் எட்டு சீசன் வேலை பார்த்தேன். இப்போது காவேரிப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். தொழிற்சாலையில் காலையிலிருந்து இரவு வரை காதில் விழுந்த சொல் ‘பேட்ச்’. இங்கேயும் அதேதான். பிராய்லர் பண்ணை வைத்திருக்கும் மாமா, மருந்துக் கடையில் நிற்கும் தங்கை, பர்கூரிலும் தர்மபுரியிலும் படிக்கிற பிள்ளைகள் என்று ஆளாளுக்கு இந்தச் சொல்லை வேறு வேறு இடத்தில் கேட்டுவிட்டு வந்து, ஒரே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை அப்புறம்.

பேட்ச்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

ஒரே தடவையில், ஒரே நிலைமையில், ஒன்றாகச் செய்யப்பட்டவை எல்லாம் ஒரு பேட்ச். இட்லிப் பானையில் ஒரு முறை மூடி வைத்து இறக்கினால் வருகிற இட்லிகள் ஒரு பேட்ச். ஒரே மாவு, ஒரே ஆவி, ஒரே நேரம். அதில் ஒன்று வேகவில்லை என்றால் பக்கத்தில் இருப்பதையும் பிட்டுப் பார்ப்பீர்கள். அடுத்த தடவை இறக்கியதைச் சந்தேகப்பட மாட்டீர்கள்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் அடுப்படியில் பிறந்ததுதான். ரொட்டி சுடுவதைக் குறிக்கும் ‘பேக்’ என்ற வினையோடு உறவுள்ள சொல் ‘பேட்ச்’. ஓர் அடுப்பில் ஒரு தடவை சுட்ட ரொட்டி என்பதே முதல் பொருள். தொழிற்சாலை, மருந்து, கம்ப்யூட்டர் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

இதுக்குத் தமிழ்ல வார்த்தையே இல்லையா சார்?

இருக்கிறது, தினமும் சொல்கிறோம். ‘முதல் ஈடு இட்லி குழந்தைங்களுக்கு’, ‘இன்னும் ரெண்டு ஈடு முறுக்கு சுட்டா முடிஞ்சிடும்’ என்று வீட்டில் சொல்வதில் வரும் ‘ஈடு’தான் பேட்ச். சுடு என்பது சூடு ஆவது போல, கெடு என்பது கேடு ஆவது போல, இடு என்ற வினை நீண்டு ஈடு ஆகிறது. ஒரு தடவை இட்டது ஈடு. ஆங்கிலேயர் ரொட்டி சுடும் வினையிலிருந்து எடுத்தார்கள், நாம் இடுவதிலிருந்து எடுத்தோம். இரண்டு மொழியும் தனித்தனியே சமையல் வேலையிலிருந்தே இந்தச் சொல்லை உண்டாக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வேலைக்கு வேலை வேறு சொற்களும் உண்டு. செங்கல்லுக்கு ‘ஒரு சூளை’, வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் ‘ஒரு கொப்பரை’, கல்யாண வீட்டில் ‘முதல் பந்தி’, கூடப் படித்தவனைச் சொல்ல ‘அவன் என் செட்டு’. பாடப் புத்தகமும் அரசு ஆவணமும் ‘தொகுதி’ என்று எழுதும். தவறில்லை. ஆனால் தொகுதி என்றவுடன் நம் ஆட்களுக்குச் சட்டமன்றத் தொகுதிதான் நினைவுக்கு வருகிறது. ஈடு என்பதற்கும் அடமானம், இழப்பீடு என்று வேறு பொருள்கள் உண்டு. இருந்தாலும் இட்லியோடு சேர்த்துச் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. வகுப்பில் நான் ஈடு என்றே சொல்லித் தொடங்குகிறேன்.

சாஃப்ட்வேர்ல ‘பேட்ச் போட்டாச்சு’ங்கறாங்க, ரோட்டுல ‘பேட்ச் ஒர்க்’ங்கறாங்க. அதுவும் இதுதானா?

இல்லை. ஆங்கிலத்தில் அவை வேறு சொல். நாம் இதுவரை பேசிய சொல் ‘பஸ்’ போலத் தொடங்கும், இது ‘பல்’ போலத் தொடங்கும். இந்தச் சொல்லுக்கு ‘ஒட்டு’ என்று பொருள். கிழிந்த துணியில் போடும் ஒட்டு, குழி விழுந்த தார்ச்சாலையில் போடும் ஒட்டு, சாஃப்ட்வேரில் இருக்கும் ஓட்டையை அடைக்க வரும் ஒட்டு. தமிழில் ‘ப’ ஒரே எழுத்து என்பதால் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஓட்டுநர் உரிமத்தோடு வாங்கும் ‘பேட்ஜ்’ மூன்றாவது சொல்.

ஏன் பேட்ச் பேட்ச்சா செய்யணும்? ஒண்ணொண்ணா, தேவைப்படறப்ப செஞ்சா ஆகாதா?

ஒரு இட்லி ஊற்றினாலும் பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாக வேண்டும். இருபத்தி நான்கு ஊற்றினாலும் அதே தண்ணீர், அதே காஸ். தொடங்குவதற்கே ஆகிற இந்தச் செலவை ஓசூர் பட்டறைகளில் ‘செட்டிங்’ என்பார்கள். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ்ஸில் டையை, அதாவது அச்சை மாற்றி, அளவு சரிபார்த்து, முதல் பீஸ் ஓகே ஆகும் வரை மெஷின் சும்மா நிற்கும். அந்த நேரத்துக்கான செலவை நிறைய பீஸ்களுக்குப் பகிர்ந்துகொடுக்கத்தான் பெரிய பேட்ச்.

அதற்காகப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சரக்கு கிடங்கில் தேங்கும், பணம் முடங்கும். இந்த இரண்டையும் எடைபோட்டு, சரியான அளவைக் கணக்கிடும் சூத்திரத்தை 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதினார். அதில் ஒரு வர்க்கமூலம் வரும். அதனால் செட்டிங் செலவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் சரியான பேட்ச் அளவு பாதியாகும்.

ஜப்பான்காரர்கள் அந்தச் செட்டிங் செலவிலேயே கைவைத்தார்கள். டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. 1969-ல் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அங்கே இறங்கி முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைக்க வழி செய்தார். மாற்றுவது இவ்வளவு சுலபமானால், காலையில் ஐம்பது இந்த ரகம், மதியம் ஐம்பது அந்த ரகம் என்று சின்ன ஈடுகளாக ஓட்டலாம்.

மாங்கூழ் ஃபேக்டரில பழம் நிக்காம ஓடிட்டே இருக்கே. அங்க எதை பேட்ச்னு சொல்றது?

நான் மிக அதிகம் யோசித்த கேள்வி இது. மே கடைசி முதல் ஜூலை வரை லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் வந்து பழுத்துக்கொண்டே இருக்கும். கழுவுவது, கூழாக்குவது, சூடேற்றுவது, டின்னிலோ பெரிய பையிலோ அடைப்பது எல்லாம் ஒரே ஓட்டம். இட்லிப் பானை மாதிரி மூடி திறக்கிற கட்டமே வராது. பாலிலும் இப்படி இரண்டு முறை உண்டு. பெரிய தொட்டியில் 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து இறக்கினால் அது பேட்ச் முறை. குழாயில் ஓட ஓட 72 டிகிரியில் 15 விநாடி சூடேற்றினால் அது தொடர் முறை.

தொடர் முறையில் பேட்ச் தானாக உருவாவதில்லை, நாம்தான் கோடு கிழிக்க வேண்டும். இரண்டு மணி நேர உற்பத்தி ஒரு பேட்ச், அல்லது ஒரு தொட்டி காலியாகும் வரை ஒரு பேட்ச் என்று முடிவு செய்து அச்சு எண்ணை மாற்ற வேண்டும். நடுவில் மெஷின் நின்று, கழுவி, மறுபடி ஓட்டினால் அங்கேயும் ஒரு கோடு கட்டாயம்.

இதை ஒரு சீசனில் பட்டுத் தெரிந்துகொண்டேன். மதியம் மெஷின் நின்று திரும்ப ஓடியது. டின்னில் அச்சாகும் எண்ணை யாரும் மாற்றவில்லை. அந்த ஷிஃப்டில் கையெழுத்துப் போட்டவன் நான். சில வாரம் கழித்து அந்த எண் போட்ட டின்களில் சில உப்பி வந்தன. நின்று ஓடிய சமயத்தில் சூடு குறைந்திருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் எந்த டின் அதற்கு முன், எது அதற்குப் பின் என்று பிரிக்க வழியில்லை. இரண்டு மணி நேரச் சரக்கைத் தள்ளிவைக்க வேண்டிய இடத்தில் அன்றைய முழுச் சரக்கையும் தள்ளிவைத்தோம். அது முக்கால்வாசி நல்ல கூழ். இன்றும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. பழம் எடுத்தவன் உழைப்பும் அதில் இருந்தது.

லாட் நம்பர், பேட்ச் நம்பர் ரெண்டும் ஒண்ணுதானா?

உணவுப் பொட்டலத்தில் ஒன்றுதான். உணவுப் பாதுகாப்பு விதிகள் லாட், பேட்ச், கோட் எண் மூன்றையும் ஒரே வேலைக்கான எண்ணாகவே பார்க்கின்றன. பொருள் எங்கே, எப்போது உருவானது என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற இடங்களில் நுணுக்கமான வித்தியாசம் உண்டு. சேர்ந்து செய்தது பேட்ச், சேர்த்து வைத்தது அல்லது சேர்த்து அனுப்பியது லாட். ஒரு லாரி லாட்டில் மூன்று பேட்ச் இருக்கலாம். நம் விதைச் சான்றுத் துறையில் லாட் என்பதற்குக் ‘குவியல்’ என்று சொல் இருக்கிறது. ஈடு, குவியல். இதைவிடத் தெளிவாக அந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

விதை வாங்குகிற விவசாயிகளுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை தைத்திருப்பார்கள். அதில் குவியல் எண் இருக்கும். விதைத்து முடித்தவுடன் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாலக்கோட்டில் தக்காளி போட்டாலும் ஊத்தங்கரையில் நிலக்கடலை போட்டாலும், முளைப்பு சரியில்லை என்று புகார் கொடுக்கப் போகும்போது அந்த அட்டையும் பில்லும்தான் கையில் இருக்கும் சாட்சி.

பேட்ச் நம்பரைப் பார்த்து எப்ப செஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

சில சமயம் முடியும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான முறை கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வசதியாக எழுதிக்கொள்கிறது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எழுதுவது ஒரு பழக்கம். 152 என்று இருந்தால் சாதாரண ஆண்டில் அது ஜூன் 1. கூடவே லைன் எண், ஷிஃப்ட் எழுத்து வரும். சிமென்ட் மூட்டையில் எந்த ஆண்டு, எந்த வாரம் என்று அச்சிட்டிருப்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேலான மூட்டை வலு குறைந்திருக்கும். மற்றபடி, தேதி வேண்டுமென்றால் தயாரிப்புத் தேதி என்று தனியாகப் போட்டிருப்பதையே நம்புங்கள்.

அதே மாத்திரைதான், ஆனா இந்த மாசம் வேற பேட்ச் நம்பர். சாப்பிடலாமா?

சாப்பிடலாம். எண் மாறுவது இயல்பு. பெயர், மில்லிகிராம் அளவு, காலாவதி மாதம் மூன்றையும் பாருங்கள். காலாவதி என்று போட்ட மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கு.

மருந்தில் இந்த எண் உயிர் காக்கிற எண். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, சோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் மருந்தின் பெயரோடு பேட்ச் எண்ணும் இருக்கும். ‘அந்த மாத்திரையே கெட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, பெரும்பாலும் ஒரு பேட்ச் தேறாமல் போன செய்தியைத்தான் அப்படி ஊதுகிறார்கள். பயந்துபோய் மருந்தை நிறுத்தாதீர்கள். உங்கள் அட்டையின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் குறியீடு அல்லது பார்கோடு கட்டாயம். கியூஆர் இருந்தால் போனில் ஸ்கேன் செய்தாலே பேட்ச் எண், தயாரிப்பு, காலாவதி எல்லாம் வரும். நான்கு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கும்போது எண் இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கிவிடலாம். அப்போது பில் கேட்டு வாங்குங்கள், அதில் பேட்ச் எண் இருக்கும்.

டைல்ஸ் கடைக்காரர் ‘மொத்தமா ஒரே பேட்ச்ல எடுத்துக்கோங்க’ங்கறார். விக்கறதுக்காகச் சொல்றாரா?

உண்மையைத்தான் சொல்கிறார். ஒரே டிசைன், ஒரே பெயர் என்றாலும் சூளைக்குள் சூடும் மண்ணும் ஒவ்வொரு ஈட்டிலும் மயிரிழை மாறும். நிறத்தில் அது தெரியும். எங்கள் வீட்டு ஹாலுக்கு இரண்டு பெட்டி குறைந்துபோய், ஒரு மாதம் கழித்து அதே டைல்ஸ் வாங்கிப் போட்டோம். ஜன்னல் ஓரம் வெயில் விழும்போது இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. பெட்டி மேலேயே ஷேடும் பேட்ச் எண்ணும் இருக்கும். பத்து சதவீதம் கூடுதலாக ஒரே எண்ணில் எடுத்துவிடுங்கள். சாயம் போட்ட நூலுக்கும் பெயின்டுக்கும் இதே கதை. கிரானைட்டுக்கு, எல்லா ஸ்லாபும் ஒரே பிளாக்கில் அறுத்ததா என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர்ல பேட்ச்னா? அங்க எதைச் சுடறாங்க?

1950-களில் கம்ப்யூட்டர் ஓர் அறை அளவு இருந்தது, அதன் ஒவ்வொரு நிமிடமும் காசு. ஒவ்வொருவரும் முன்னால் உட்கார்ந்து யோசித்து யோசித்து வேலை செய்தால் மெஷின் சும்மா நிற்கும். அதனால் எல்லோரும் தங்கள் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆபரேட்டர் அவற்றைச் சேர்த்து ஒரு ஈடாக உள்ளே தள்ளுவார். ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானாக ஓடுவதற்கு, 1956-ல் ஐபிஎம் 704 என்ற கம்ப்யூட்டருக்காக ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதின. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதன் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு, செட்டிங் பற்றி மேலே சொன்ன காரணமே காரணம்.

அந்த வழியில் வந்ததுதான் விண்டோஸில் ‘பி-ஏ-டி’ என்று முடியும் பேட்ச் ஃபைல். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைத்தால், ஒரு கிளிக்கில் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். நடுவில் மனிதர் குறுக்கிட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் பேட்ச் என்று எங்கே கேட்டாலும், சேர்த்து வைத்தது, ஆள் தலையிடாமல் ஓடுவது என்ற இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு, இரவில் வங்கியின் வட்டிக் கணக்கு எல்லாம் இன்றும் அப்படித்தான் ஓடுகின்றன.

என்இஎஃப்டில பணம் போட்டேன், ஏறலை. ‘அடுத்த பேட்ச்ல போகும்’னு சொல்றாங்க. ஏமாத்தறாங்களா?

இல்லை. என்இஎஃப்டி பேருந்து மாதிரி. ரிசர்வ் வங்கி அரை மணிக்கு ஒரு ஈடாக, ஒரு நாளில் 48 ஈடுகளாக அனுப்புகிறது. 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல், லீவு நாள் எல்லாம் ஓடுகிறது. நீங்கள் 10.05-க்கு அனுப்பினால் 10.30 வண்டியில் ஏறும். அந்த ஈடு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் வாங்குபவர் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி.

ஆர்டிஜிஎஸ்-ல் ஈடு கிடையாது, ஒவ்வொன்றும் தனியாக அப்போதே போகும், குறைந்தது இரண்டு லட்சம். யுபிஐ நமக்கு உடனே ஏறிவிடுகிறது, ஆனால் பின்னணியில் வங்கிகள் தங்களுக்குள் கணக்கைத் தீர்ப்பது நாளுக்குப் பல சுற்றுகளாகத்தான். காசோலையும் நெடுங்காலம் ஈடு ஈடாகத்தான் போனது. 2025 அக்டோபர் 4 முதல் அதைத் தொடர் முறைக்கு மாற்றினார்கள். மாங்கூழ் லைனுக்கும் இதற்கும் இருக்கிற ஒற்றுமையைப் பாருங்கள்.

ஏஐ கோர்ஸ்ல ‘பேட்ச் சைஸ் 32’, ‘எபோக் 10’ன்னு வருது. எனக்கு ரெண்டும் குழம்புது.

கையெழுத்து எண்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் எம்னிஸ்ட் என்ற படத் தொகுப்பில் பயிற்சிக்கு 60,000 படங்கள் உண்டு. மொத்தத்தையும் ஒரே தடவையில் மாடலுக்கு, அதாவது கற்றுக்கொள்ளும் நிரலுக்குக் காட்டினால் மெமரி தாங்காமல் போகலாம், ஒரு திருத்தத்துக்கே நெடுநேரம் ஆகும். ஒவ்வொரு படமாகக் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் மாடல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைபாயும். அதனால் 100, 100 ஆகக் காட்டுகிறோம். 100 படம் பார்த்து ஒரு தடவை தன்னைத் திருத்திக்கொள்ளும். இந்த 100-தான் பேட்ச் சைஸ். 600 ஈடு முடிந்தால் எல்லாப் படத்தையும் ஒரு சுற்று பார்த்தாயிற்று, அது ஒரு எபோக். பேட்ச் சைஸ் 128 என்றால் 469 ஈடு வரும். கடைசி ஈட்டில் 96 படம்தான் இருக்கும், மாவு தீரும்போது பானையில் சில குழி காலியாக இருப்பது போல.

ஒரு பொறி இருக்கிறது, பரீட்சையில் கேட்பார்கள். மாடலின் தவறைப் படிப்படியாகக் குறைக்கும் கணக்கு முறைக்குக் ‘கிரேடியன்ட் டிசென்ட்’ என்று பெயர். ‘பேட்ச் கிரேடியன்ட் டிசென்ட்’ என்றால் முழுத் தரவையும் ஒரே ஈடாக எடுப்பது. நாம் நடைமுறையில் செய்வதற்குப் பெயர் ‘மினி பேட்ச்’. ஆனால் பேச்சில் எல்லோரும் அதையே பேட்ச் என்கிறார்கள். 2015-ல் யோஃபே, செகெடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கொண்டுவந்த ‘பேட்ச் நார்மலைசேஷன்’, அந்த ஈட்டில் இருக்கும் எல்லாவற்றின் சராசரியையும் எடுத்து ஒவ்வொன்றையும் சரிசெய்கிறது. ஒரு படத்தின் கணக்கை அதே ஈட்டில் இருக்கும் மற்றப் படங்கள் மாற்றுகின்றன. ஈட்டில் ஒன்றிரண்டு படம்தான் என்றால் அது சரியாக வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான்.

பயோடெக்ல பேட்ச், ஃபெட்-பேட்ச், கன்டினியூஸ்னு மூணு இருக்கே. எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

இட்லி மாவைக் கரைத்து மூடி வைக்கிறீர்களே, அது பேட்ச் வளர்ப்பு. உள்ளே போட்டதுதான் தீனி, நடுவில் எதுவும் சேர்ப்பதில்லை. நுண்ணுயிர்கள் முதலில் சும்மா இருப்பது போலத் தெரியும், அப்புறம் மளமளவென்று பெருகும், தீனி தீர்ந்து புளிப்பு ஏறியதும் நின்றுவிடும், கடைசியில் சாகும். பாடத்தில் வரும் நான்கு கட்டமும் அந்த ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி வெயிலில் மாவு சீக்கிரம் பொங்குவதும், மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலை வரை அசையாமல் கிடப்பதும் முதல் கட்டத்தின் நீளமும் பெருகும் வேகமும் மாறுவதால்தான்.

ஃபெட்-பேட்ச் என்றால் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருப்பது, ஆனால் வெளியே எடுப்பது கடைசியில் ஒரே தடவை. ரொட்டி ஈஸ்ட், பென்சிலின் எல்லாம் இப்படித்தான். மொத்தச் சர்க்கரையையும் முதலிலேயே கொட்டினால் ஈஸ்ட் வளர்வதை விட்டுச் சாராயம் ஆக்கத் தொடங்கிவிடும். கன்டினியூஸ் என்றால் ஒரு பக்கம் தீனி போய்க்கொண்டே இருக்கும், மறு பக்கம் அதே அளவு வெளியே வந்துகொண்டே இருக்கும். 1950-ல் பிரான்சில் மோனோவும், அமெரிக்காவில் நோவிக், சிலார்டு இருவரும் தனித்தனியே இந்த முறையை விளக்கினார்கள்.

‘பேட்ச் எஃபெக்ட்’ வந்துடுச்சுன்னு கைடு என் ரிசல்ட்டைத் திருப்பிட்டாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?

உங்கள் சோதனையை நான் பார்க்கவில்லை, ஆனால் வழக்கமாக நடப்பது இது. தர்மபுரி மண் மாதிரிகளை எல்லாம் திங்கட்கிழமை சோதித்தீர்கள், கிருஷ்ணகிரி மாதிரிகளைச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை புதிய ரசாயனப் புட்டி திறந்தீர்கள், அறையும் சூடாக இருந்தது. இரண்டு மாவட்ட மண்ணும் வேறு என்று முடிவு வந்தது. வேறுபட்டது மண்ணா, கிழமையா? இனிமேல் யாராலும் சொல்ல முடியாது, கணக்கு போட்டும் பிரிக்க முடியாது. மாதிரியால் இல்லாமல், சோதித்த ஈட்டால் வரும் இந்த வித்தியாசம்தான் பேட்ச் எஃபெக்ட்.

ஒவ்வொரு நாளும் இரண்டு ஊர் மாதிரிகளையும் கலந்து வையுங்கள். எல்லா ஈட்டிலும், விடை தெரிந்த ஒரே மாதிரி ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள். அதன் அளவு நாளுக்கு நாள் மாறினால் மாறியது சோதனைதான் என்று தெரிந்துவிடும். மாங்கூழ் ஆய்வகத்தில் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு பார்க்கும் முன், அளவு தெரிந்த சர்க்கரைக் கரைசலில் மீட்டரைச் சரிபார்ப்போம். சின்ன வேலை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கோழிப் பண்ணையில ஏன் ஒரு பேட்ச் முழுசாப் போனாத்தான் அடுத்தது விடறாங்க? எடம் காலியாத்தானே இருக்கு?

நோய் கைமாறாமல் இருக்கத்தான். ஒரே நாள் குஞ்சுகள் ஒன்றாக வந்து, நாற்பது நாளுக்குச் சற்று மேல் வளர்ந்து, ஒன்றாக வெளியேறும். அப்புறம் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில நாள் சும்மா போட்டால் மிச்சமிருக்கும் கிருமி குறைந்துவிடும். பழைய கோழி பத்து இருக்கும்போதே புதுக் குஞ்சு விட்டால் அந்தச் சங்கிலி அறுபடவே அறுபடாது.

பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் தெரியும். புழு நான்கு தடவை தோலுரிக்கும், அந்த நேரம் இலை தின்னாது. வயது கலந்துவிட்டால் ஒரே தட்டில் பாதி தூங்கும், பாதி பசியோடு இருக்கும். இலை போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு.

பத்து பேருக்கு வெச்ச சாம்பார் அளவை ஐம்பதால பெருக்கினா ஐந்நூறு பேருக்குச் சரியா வருமா?

வராது. பாத்திரத்தின் நீள அகல உயரம் இரட்டிப்பானால் கொள்ளளவு எட்டு மடங்காகும், ஆவி போகும் மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். பெரிய அண்டாவில் தண்ணீர் அவ்வளவாகச் சுண்டாது, இறக்கிய பிறகும் உள்சூடு வெந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீரைக் கணக்குக்குக் குறைவாக ஊற்றி, கொஞ்சம் முன்னாடியே இறக்குவார்கள். உப்பு, காரம், புளியைக் கடைசியில் வாய்ப்பார்த்துச் சேர்ப்பார்கள். கரும்புப் பாகு காய்ச்சும் கொப்பரை ஆழம் குறைவாக, வாய் அகலமாக இருப்பதும் இந்தக் கணக்கால்தான். ஆய்வகத்தில் ஒரு லிட்டரில் வந்தது தொழிற்சாலையில் ஆயிரம் லிட்டரில் வராமல் போவதும் இதே காரணம்.

காலேஜ் பேட்ச்னா சேர்ந்த வருஷமா, முடிச்ச வருஷமா?

இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். ‘2019-23 பேட்ச்’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள், வேலைக்கான விண்ணப்பத்தில் பிரச்சினை வராது. ஐஏஎஸ் அதிகாரிகளுக்குப் பணியில் சேர்க்கப்பட்ட ஆண்டுதான் கணக்கு, தேர்வு எழுதிய ஆண்டு அல்ல.

போன மாவுல ஒரு கரண்டி எடுத்துப் புது மாவுல கலக்கறோம், பழைய மோரை உறை ஊத்தறோம். அப்ப ஒரு பேட்ச் எங்க முடிஞ்சு எங்க தொடங்குது?

இதைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பெண். நல்ல கேள்வி என்று அப்போதே சொன்னேன். தொழிற்சாலையிலும் இது நடக்கும். நேற்று மிஞ்சிய நல்ல சரக்கை இன்றைய ஓட்டத்தில் சேர்ப்பார்கள், அதற்கு ‘ரீவொர்க்’ என்று பெயர். எந்த ஈட்டிலிருந்து எவ்வளவு, எந்த ஈட்டுக்குள் போனது என்று நோட்டில் எழுதியிருந்தால் இரண்டும் தனித்தனி பேட்ச்தான். நேற்றைய ஈட்டில் பழுது தெரிந்தால் இன்றையதையும் சேர்த்துத் திரும்பப் பெறுவார்கள். எழுதாமல் கலந்திருந்தால், உப்பிய டின் கதைபோல, எங்கே கலக்க ஆரம்பித்தார்களோ அங்கிருந்து எல்லாமே ஒரே பேட்ச்.

வீட்டுத் தயிரில் நோட்டு கிடையாது. ருசி நன்றாக இருக்கும் வரை அந்தத் தொடர்ச்சி நமக்கு நல்லதுதான், பழகிய உறை அதே புளிப்பைத் தரும். தயிர் நூல் நூலாக வர ஆரம்பித்துவிட்டால் மட்டும் அதிலிருந்து மறுபடி உறை எடுக்காதீர்கள். எத்தனை நாள் ஊற்றினாலும் அதுவே தொடரும். பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறை மோர் வாங்கி ஊற்றுங்கள்.